வெட்டிவேர்: நாற்று முதல் எண்ணெய் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கிக் கடலோரமாகப் போனால், சவுக்குத் தோப்புக்கும் முந்திரிக் காட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு அடர்ந்து நிற்கும் ஒரு புல்லை அங்கங்கே பார்க்கலாம். இலையைக் கிள்ளி முகர்ந்தால் வாசம் எதுவும் வராது. மாடு கூட இளந்தளிரைத்தான் மேயும், முற்றிய இலையைத் தொடாது. அந்தப் புல்லின் செல்வம் முழுவதும் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. வெட்டி எடுக்கும் வேர் என்பதால் நம்மவர்கள் வைத்த 'வெட்டிவேர்' என்ற பெயரையே பிரெஞ்சும் ஆங்கிலமும் எடுத்துக்கொண்டன. உலகின் வாசனைத் திரவியக் கூடங்களில் இன்றும் அது தமிழ்ப் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அந்தக் கடலோர மணலில் ஒன்றரை ஏக்கரில் இதைப் பயிரிட்டு வருபவன் என்ற முறையில், புதிதாக நட விரும்புவோருக்கும் வேரை வாங்கிப் பயன்படுத்துவோருக்கும் தேவையானவற்றை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நட்டுவிட்டால் தானே வளரும், பராமரிப்பே வேண்டாம், காசு கொட்டும் என்று இந்தப் பயிரைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அதில் முதல் பாதி ஏறக்குறைய உண்மை. காசு என்பது மட்டும் மண், காலம், வாங்குபவர் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே பொருத்திப் பார்த்தவருக்குத்தான் கிடைக்கிறது.

எதற்காக நடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தல்

வெட்டிவேர் மூன்று தொழில்களுக்கான பயிர். காய்ந்த வேராக விற்பது ஒன்று. வாலை என்னும் வடிகலத்தில் வடித்து எண்ணெயாக்குவது இன்னொன்று. மண்ணரிப்பைத் தடுக்கும் உயிர்வேலியாக வளர்ப்பது மூன்றாவது. நடும் இடைவெளி, மண், எடுக்கும் காலம், செலவு எல்லாமே இம்மூன்றுக்கும் வேறுபடும். வேராக விற்க வேண்டுமானால் நீளமான, உடையாத, மண் ஒட்டாத வேர் வேண்டும். மாலை கட்டுபவரும் தட்டி பின்னுபவரும் அதைத்தான் கேட்பார்கள். எண்ணெய்க்கு வேர் துண்டு துண்டாக வந்தாலும் குற்றமில்லை, ஆனால் முற்றியிருக்க வேண்டும். வேலிக்கு நட்டதையோ ஒருபோதும் தோண்டக்கூடாது.

கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் நூறாண்டுக்கும் மேலாக வரப்போரங்களில் இந்தப் புல்லை வேலியாக வைத்திருந்தார்கள். 1980-களில் உலக வங்கியின் மண்வளப் பணிக்காக இந்தியா வந்த ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் இந்தப் புல்வேலி முறையைப் பல நாடுகளுக்கும் பரப்பினார்கள். தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் 1991 முதல் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். சரிவில் சமமட்டக் கோட்டில் வரிசையாக நட்டால் தண்ணீர் வேகம் குறைந்து, வண்டல் அங்கேயே தங்கிப் படியாகச் சேரும். அதே புல்லைச் சரிவான நிலத்தில் வேருக்காகத் தோண்டினாலோ நேர்மாறானது நடக்கிறது: இளகிய மண் அடுத்த மழையில் ஓடிவிடுகிறது. எண்ணெய்க்காக மலைச்சரிவுகளில் பயிரிடும் ஹைத்தியிலும் ஜாவாவின் காருட் பகுதியிலும் இந்தச் சிக்கல் நெடுங்காலமாக உண்டு. எனவே வேருக்காக நடுபவர் சமதளத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

செடியை அடையாளம் காணுதல்

தாவரவியலில் இதன் இன்றைய பெயர் கிரைசோபோகன் சைசனியாய்டிஸ். பழைய நூல்களில் வெட்டிவேரியா சைசனியாய்டிஸ் என்றிருக்கும். கரும்பும் சோளமும் எலுமிச்சைப் புல்லும் அடங்கிய புல் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் இதில் இரண்டு வகை இருக்கின்றன. வட இந்தியச் சமவெளியில் காட்டுப்புல்லாகத் தானே முளைப்பது பூத்து, விதை விட்டு, பரவும். நம் தென்னிந்திய வகை பூத்தாலும் முளைக்கும் விதை பெரும்பாலும் பிடிப்பதில்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் பெருகும். விதை விழுந்து களையாக மாறாது என்ற இந்த ஒரே குணத்தால்தான் உலகம் முழுவதும் வேலிக்குத் தென்னிந்திய வகையைக் கொண்டுபோனார்கள். பல நாடுகளில் வளரும் வெட்டிவேர் ஏறக்குறைய ஒரே தாய்ச்செடியின் வழிவந்தது என்பதை 1990-களில் நடந்த மரபணு ஆய்வு காட்டியது.

நாட்டுமருந்துக் கடையில் வெட்டிவேரோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு வேர் விலாமிச்சை வேர். அது துளசிக் குடும்பத்துச் சிறு செடி. மெல்லிய, மென்மையான, வாசமுள்ள வேர் கொண்டது. காட்டில் தானாகக் கிடைப்பதில்லை, சாகுபடியில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளில் வெட்டிவேர், விலாமிச்சை வேர் இரண்டும் தனித்தனியே இடம்பெறுகின்றன. நலங்கு மாவிலும் அப்படியே. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இரட்டிப்பாகப் போடுவது சித்த மருத்துவச் சேர்மானத்தையே மாற்றுவதாகும். வெட்டிவேர் கம்பிபோல் உறுதியாக, வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் கொண்டு, வளைத்தால் எளிதில் உடையாமல் இருக்கும்.

இரகங்களைப் பொறுத்தவரை, லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட சீமாப் என்னும் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் தாரிணி, குலாபி, கேசரி, சிம்-விருத்தி முதலியவற்றை வெளியிட்டுள்ளது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஓடக்காலி ஆய்வு நிலையத்திலிருந்து ஓடிவி-3 வந்தது. எண்ணெய் நோக்கம் உள்ளவர்கள் இப்படிப் பெயர் தெரிந்த இரகத்தையே வாங்க வேண்டும். வேர் விற்பனைக்கு நம் கடலோரத்து உள்ளூர் வகையே போதுமானது என்பது என் கருத்து. மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது பழகியிருக்கிறது.

மண்ணும் இடமும்

அமில மண், களர் மண், தண்ணீர் தேங்கும் பள்ளம், வறண்ட மேடு என எங்கும் இந்தப் புல் உயிர்வாழும். ஆனால் உயிர்வாழ்வது வேறு, விலைபோகும் வேர் தருவது வேறு. களிமண்ணில் வேர் நன்றாகவே ஓடும். அதை வெளியே எடுக்கும் கூலியில் வருமானம் போய்விடும். அப்படியே எடுத்தாலும் பாதி அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மணல், மணல் கலந்த செம்மண், ஆற்றோர வண்டல்மணல் ஆகியவையே வேருக்கு உகந்தவை. கடலூர்க் கடலோரத்தில் இது நிலைத்ததற்குக் காரணமே அங்கே இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு இளகிய மணல் கிடப்பதுதான்.

நிழல் கூடாது. தென்னந்தோப்பில் ஊடுபயிராகப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அடர்ந்த தோப்பில் புல் நீண்டு வளருமே தவிரத் தூர் கட்டாது. தூர் கட்டாவிட்டால் வேரும் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. அந்தக் காற்றுக்கு வளைந்து கொடுத்து மறுபடி நிமிரும் பயிர்களில் இதுவும் ஒன்று. வெள்ளம் சில நாள் மூடி நின்றாலும் வடிந்ததும் பச்சை கட்டிவிடும். கடலோரக்காரர்களுக்கு இது சின்ன ஆறுதல் அல்ல.

நாற்று தயாரித்தலும் நடவும்

வயதான தூரைத் தோண்டி, மண்ணை உதறி, கையால் பிரித்தால் பக்கச் சிம்புகள், அதாவது கிளைத்த இளந்தண்டுகள், தனித்தனியாக வரும். இரண்டு மூன்று சிம்பு சேர்ந்திருப்பது ஒரு நாற்று. இலையை ஒரு சாண் விட்டுக் கத்தரிக்க வேண்டும். வேரையும் இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டிவிட வேண்டும். உள்தண்டு வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் நல்ல நாற்று. அழுத்தினால் குழைந்தாலோ உள்ளே பழுப்பாக இருந்தாலோ ஒதுக்கிவிட வேண்டும். நாற்றை விலைக்கு வாங்கும்போது இதை ஒவ்வொரு கட்டிலும் பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் லாரியில் இரண்டு மூன்று நாள் குவிந்து கிடந்த நாற்று வெளியே பச்சையாகவும் உள்ளே வெந்தும் இருக்கும்.

ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை பயிரைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு அடுத்த ஆண்டு மழையும் முடிந்தபின், தை மாசியில் பதினேழு, பதினெட்டு மாதப் பயிராகத் தோண்டலாம். பாசன வசதி உள்ளவர்கள் தையில் நட்டு, மறு ஆண்டு மாசி பங்குனியில் எடுக்கலாம். எந்தக் கணக்கானாலும் தோண்டும் மாதம் மழையில்லாத மாதமாக இருக்கும்படி பின்னோக்கி எண்ணித்தான் நடவு நாளைக் குறிக்க வேண்டும். ஈர வேர் காயாமல் பூசணம் பிடித்தால் அந்த வாடை பிறகு எதனாலும் போகாது.

நிலத்தை இரண்டு முறை ஆழ உழுது, ஏக்கருக்கு நான்கைந்து டன் மக்கிய தொழு உரம் இட்டு, பார் பிடித்து நடுவது வேரைப் பின்னால் எடுக்க எளிதாக்கும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 22,000 நாற்று பிடிக்கும். வளமான மண்ணில் செடி இடைவெளியை 45 சென்டிமீட்டராகத் தளர்த்தினால் 15,000 போதும். வேலிக்கு நடுபவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிட்டு 10 முதல் 15 சென்டிமீட்டர் நெருக்கத்தில் ஒற்றை வரிசையாக நட வேண்டும். இடையில் ஓர் இடைவெளி விட்டாலும் தண்ணீர் அந்த வாயிலாகப் பாய்ந்து வேலியின் பயனையே கெடுத்துவிடும்.

வீட்டுத் தேவைக்கு வளர்க்க நிலமே வேண்டாம். சிமெண்ட் சாக்கு உயரத்துக்குக் குறையாத வளர்ப்புப் பையில் மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு மக்கிய உரமும் நிரப்பி, நல்ல வெயில் விழும் மாடியில் ஒரு நாற்று நட்டு வைத்தால் போதும். ஓராண்டு கழித்துப் பையை நெடுக்குவாட்டில் கிழித்துவிட்டு, குழாயைத் திறந்து மணலைக் கரைத்தால், ஒரு வேர்கூட அறாமல் முழுத் தாடியாகக் கைக்கு வரும்.

வளரும் காலத்துப் பராமரிப்பு

நட்ட முதல் மூன்று மாதந்தான் கவனம் கேட்கும் காலம். மணலில் வாரம் இரண்டு தண்ணீர் வேண்டியிருக்கும். சொட்டுநீர் இருந்தால் மிச்சம். இரண்டு முறை களை எடுத்து மண் அணைத்துவிட்டால், அதற்குப்பின் புல்லே நிழலிட்டுக் களையை அடக்கிவிடும். இலையை நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டால் புதுச்சிம்பு வெடிக்கும், பூந்தண்டுக்குப் போகும் சத்தும் மிஞ்சும். அறுத்த இலையை வரிசைகளுக்கு நடுவிலேயே மூடாக்காகப் பரப்புவது என் வழக்கம்.

தழைச்சத்தை அள்ளிக்கொட்டினால் பச்சை மட்டுமே பெருகும். மண் பரிசோதனையின் படி மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்த்து, தழைச்சத்தைச் சிறுகச் சிறுகப் பிரித்துக் கொடுப்பதே வேருக்கு நல்லது. இலையில் கர்வுலேரியா என்ற பூசணத்தால் கருகல் வருவதுண்டு. நோய் கண்ட இலையை அறுத்து அப்புறப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். உண்மையான எதிரிகள் கரையானும் வேர்ப்புழுவும்தான். மக்காத சாணம் போட்ட வயலில் இரண்டும் தவறாமல் வரும். கரையானுக்கு என்று தூரில் ஊற்றும் பூச்சிக்கொல்லி பற்றி ஒரு வார்த்தை: நாம் விற்கும் பொருள் வேர். ஒரு தாய் அதைக் குடிதண்ணீர்ப் பானையில் போட்டுக் குழந்தைக்குக் கொடுக்கப் போகிறாள். எனவே நன்றாக மக்கிய எரு, வேப்பம் பிண்ணாக்கு இவற்றுக்கு மேல் எதையும் தூரில் இடக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சில தூர்கள் போனால் போகட்டும்.

வேருக்குள் நடக்கும் வேதியியல்

தோண்டும் நாளைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைத் தீர்மானிப்பதே இதுதான். வேரை மெல்லிய குறுக்குவெட்டாக நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், வெளிப்பட்டைக்கும் நடுத்தண்டுக்கும் இடையிலுள்ள புறணியின் உள்ளடுக்கில் எண்ணெய்ச் செல்கள் இருப்பது தெரியும். அங்கே உருவாகும் எண்ணெயில் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உள்ளன. பெரும்பாலானவை செஸ்குவிடெர்பீன் வகை, அதாவது பதினைந்து கரியணுக்களைச் சட்டகமாகக் கொண்ட மூலக்கூறுகளும் அவற்றின் ஆல்கஹால், கீட்டோன், அமில வடிவங்களும். குசிமால் என்ற ஆல்கஹாலும், ஆல்பா வெட்டிவோன், பீட்டா வெட்டிவோன் என்ற இரண்டு கீட்டோன்களும் இவற்றில் முதன்மையானவை. எண்ணெயின் தரத்தை ஆய்வகத்தில் மதிப்பிடும்போது இம்மூன்றின் அளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இந்த மூலக்கூறுகள் வேதியியலாளர்களை நீண்டகாலம் ஏமாற்றியவை. பீட்டா வெட்டிவோனுக்கு ஏறக்குறைய முப்பதாண்டு ஒரு கட்டமைப்பை எழுதிவந்தார்கள். 1960-களின் பிற்பகுதியில்தான் அது தவறென்று தெரிந்து, இரண்டு வளையங்கள் ஒரே கரியணுவில் இணையும் ஸ்பைரோ வடிவம் என்று திருத்தப்பட்டது. வெட்டிவேரின் தனி வாசத்துக்குக் காரணமான பொருள் எது என்ற கேள்வி இன்னும் நீண்டது. 2021-இல் ஐரோப்பிய வேதியியலாளர் குழு ஒன்று, எண்ணெயில் மிகச் சிறிய அளவே இருக்கும் சைசீனோன் வகைக் கீட்டோன் ஒன்றை ஆய்வகத்தில் செய்துகாட்டி, அதுவே அந்த வாசத்தின் மூலம் என்று நிறுவியது; அதே ஆண்டு நோபல் பரிசு பெற்ற பென்யமின் லிஸ்ட் அக்குழுவில் ஒருவர். எண்ணெயில் பெருவாரியாக இருக்கும் குசிமாலுக்கு அந்தச் சிறப்பு இல்லை.

வட இந்தியக் காட்டுவகை எண்ணெயும் நம் எண்ணெயும் ஒன்றல்ல. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தினால், அந்தத் தளத்தை வட இந்திய எண்ணெய் இடப்புறமாகவும் தென்னிந்திய எண்ணெய் வலப்புறமாகவும் திருப்பும். வாசத்திலும் வேறுபாடு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் அத்தர் நகரமான கன்னோஜில் செப்புக் கலத்தில் வடிக்கும் ரூ-கஸ் என்ற வெட்டிவேர் எண்ணெயின் பச்சை நிறம் செம்பிலிருந்து வருவது.

உழவனாக என்னை மிகவும் கவர்ந்த செய்தி இன்னொன்று. இத்தாலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேரின் உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் செடி உருவாக்கும் மூலப்பொருளை எடுத்து மாற்றி, எண்ணெயின் பல சேர்மங்களாக ஆக்குகின்றன. நுண்ணுயிர் இல்லாத திசுவளர்ப்புக் குடுவையில் வளர்ந்த வெட்டிவேரில் எண்ணெய் பெயரளவுக்கே இருந்தது. ஆக, அந்த வாசம் செடியும் மண்ணுயிரும் சேர்ந்து செய்வது. தொழு உரத்துக்கும், மண்ணை மருந்தால் கொல்லாமல் இருப்பதற்கும் இதைவிட வலுவான காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

தோண்டும் காலம்

எண்ணெய்ச் செல்கள் நிறைவதற்குக் காலம் பிடிக்கும். ஓராண்டுக்குள் எடுத்த வேரில் எண்ணெயின் அளவு குறைவாகவும் பச்சைப்புல் வாடை மிகுந்தும் இருக்கும். பதினைந்து முதல் பதினெட்டு மாதம் எண்ணெய்க்கு உகந்த வயது. புதிய இரகங்கள் சிலவற்றைப் பன்னிரண்டு மாதத்தில் எடுக்கலாம். இரண்டாண்டைத் தாண்டினால் வேர் கட்டையாகி, எண்ணெயின் பங்கு குறைகிறது.

இதை நான் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் நடவின்போது, நாற்றையும் விற்று வேரையும் தானே வாங்கிக்கொள்வதாக எழுதிக்கொடுத்த ஒரு வியாபாரியை நம்பி ஒரு ஏக்கர் நட்டேன். எட்டாம் மாதம் அவர் விலை ஏறியிருக்கிறது, உடனே எடுங்கள் என்றார். தோண்டி முடித்த வாரத்திலிருந்து அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. கொட்டகையில் கிடந்த வேரை வேறொருவரின் வாலைக்குக் கொண்டுபோனேன். கூலி கணக்கில் பத்து மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். கிடைத்த எண்ணெய் ஒரு சிறு புட்டிதான்; அதிலும் பிடுங்கிய களையின் வாடை. அவசரம் இரண்டு இடத்தில் வேலை செய்திருந்தது, வயலில் ஒருமுறை, வாலையில் ஒருமுறை.

தோண்டும் முறை எளிது, ஆனால் உடலை வருத்துவது. இலையை ஒரு சாணுக்கு அறுத்துவிட்டு, மணல் லேசாக ஈரமாகும்படி முதல்நாள் தண்ணீர் விட வேண்டும். தூரைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளிப் பள்ளம் பறித்து, கடப்பாரையால் அடியிலிருந்து நெம்ப வேண்டும். வேர் பத்தடிக்குமேல் கூட இறங்கும் என்றாலும், விற்பனைக்குரிய அடர்த்தி மேல் இரண்டு அடியிலேயே இருக்கிறது. ஆழத்து மெல்லிய இழைகளுக்காகக் கூலி செலவிடத் தேவையில்லை. பெரிய பரப்பில் ஜேசிபி வைத்துத் தோண்டுகிறார்கள். எண்ணெய்க்கு அது போதும், மாலைக்கும் தட்டிக்கும் போகும் வேருக்குக் கைவேலைதான் சரி. தூரை உதறும் அந்த நிமிடத்தில்தான் வாசம் முதன்முதலாக எழும். முதல் மழை விழுந்த மண்ணும் ஈரச் சந்தனக்கட்டையும் கலந்தாற்போல இருக்கும், அன்று இரவு கையைக் கழுவிவிட்டுச் சோறு பிசைந்தாலும் விரலில் தங்கியிருக்கும்.

வேரைத் தூரிலிருந்து அறுத்து, ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். தேய்த்துக் கழுவினால் புறணி உரிந்து, அதோடு எண்ணெயும் போய்விடும். நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்திக் கட்டாகக் கட்டலாம். எங்கள் மணலில் ஏக்கருக்கு ஒன்று முதல் இரண்டு டன் வரை காய்ந்த வேர் வருகிறது.

வாலையில் வடித்தல்

நூறு கிலோ காய்ந்த வேரில் இரகத்தையும் வயதையும் பொறுத்து அரைக் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை எண்ணெய் எதிர்பார்க்கலாம். ஏக்கருக்கு ஆறு முதல் பத்து கிலோ என்று கணக்கிட்டுத் திட்டமிடுவது பாதுகாப்பானது. அதற்கு மேல் யாராவது உறுதி சொன்னால் அவரது வயலையும் வாலையையும் நேரில் பார்த்துவிட்டு நம்புங்கள்.

வேரை ஓரிரு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, துருப்பிடிக்காத எஃகுக் கலத்தில் நீராவியால் வடிக்க வேண்டும். எலுமிச்சைப் புல் மூன்று நான்கு மணி நேரத்தில் எண்ணெயை விட்டுவிடும். வெட்டிவேர் 18 முதல் 24 மணி நேரமும் சில சமயம் அதற்கு மேலும் கேட்கும். மூலக்கூறுகள் பெரியவை, கொதிநிலை உயர்ந்தவை, வேரின் உள்ளடுக்கில் இருப்பவை. அதனால்தான் இந்தத் தாமதம். முதலில் இறங்கும் பகுதி மெலிந்தது. வாசத்துக்குப் பொறுப்பான கனமான பகுதி கடைசி மணிகளில்தான் வருகிறது. பத்து மணி நேரத்தில் இறக்கினால் இழப்பது அந்தப் பகுதியைத்தான்.

இன்னொரு சிக்கல், இந்த எண்ணெயின் அடர்த்தி தண்ணீருக்கு மிக அருகில் இருப்பது. ஒரு பகுதி மிதக்கும், ஒரு பகுதி மூழ்கும், ஒரு பகுதி தண்ணீரிலேயே கலங்கி நிற்கும். ஆகவே வடிநீரைக் கீழே கொட்டாமல் மறுபடி கலத்துக்கே திருப்பிவிடும் அமைப்பு வேண்டும். பிரித்த எண்ணெயை வடிகட்டி, அலுமினியம் அல்லது கண்ணாடிக் குப்பியில் வெளிச்சம் படாமல் மூன்று முதல் ஆறு மாதம் வைத்தால் பச்சை வாடை அடங்கி, வாசம் ஆழமாகும். தேன்போல் மெதுவாக ஒழுகும் அந்த எண்ணெய், வாசனைத் திரவியத்தில் எளிதில் ஆவியாகும் பிற மணங்களைப் பிடித்து நிறுத்தும் அடிமணமாகப் பயன்படுகிறது. அதில் உள்ள நூட்கடோன் என்ற பொருள் கரையானை விரட்டுவதை அமெரிக்காவின் லூசியானா ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

வீட்டிலும் மருத்துவத்திலும் பயன்படுத்துதல்

மண்பானைத் தண்ணீருக்கு ஐந்து லிட்டருக்கு ஒரு சிறு பிடி, அதாவது ஐந்து முதல் பத்து கிராம் வேர் போதும். நன்றாக அலசி, வெள்ளைத் துணியில் முடிந்து, நான்கைந்து மணி நேரம் போட்டு வைக்கலாம். அன்றாடம் எடுத்து வெயிலில் உலர்த்தினால் மூன்று நான்கு நாள் வரும். வழவழப்புத் தட்டினால் உடனே மாற்ற வேண்டும். தண்ணீர் சுத்தமானதாக இருக்க வேண்டும். வெட்டிவேர் மணமூட்டுமே தவிரக் கிருமி நீக்கியாகக் கருதக்கூடாது.

சித்த மருத்துவம் இதைக் குளிர்ச்சியுண்டாக்கியாகக் கொண்டு பித்தம், தாகம், சுரத்தின் எரிச்சல் ஆகியவற்றுக்குக் குடிநீரிலும் சூரணத்திலும் சேர்க்கிறது. ஆயுர்வேதம் உசீரம் என்ற பெயரில் இதே நோக்கத்துக்கு வைத்திருக்கிறது. நலங்கு மாவில் பாசிப்பயறு, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கார்போகரிசி, சந்தனம் இவற்றோடு சேர்வதும் இந்த வேர்தான். பானைத் தண்ணீரும் குளியல் பொடியும் நாமாகவே செய்துகொள்ளலாம். காய்ச்சல் நீடித்தாலோ, நாட்பட்ட நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, கசாயமாகக் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடக்கூடாது. தோலில் தடவுவதானாலும் தேங்காயெண்ணெயில் சில சொட்டு கலந்து, முன்கையில் சோதித்துப் பார்த்த பிறகே தடவ வேண்டும்.

கடையில் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. எண்ணெய் வடித்த சக்கையை உலர்த்தி, செயற்கை மணம் தெளித்து வேராகவே விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வேரை எடுத்து ஒடித்துப் பாருங்கள்; சக்கை மொறமொறவென்று முறியும். அடுத்து வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, அந்த நீரை வடித்துவிட்டு, அதே வேரை மறுபடி புதுநீரில் போடுங்கள். தெளித்த மணம் முதல் நீரோடு போய்விடும். நல்ல வேர் இரண்டாம் நீரிலும் மணக்கும்.

அடுத்த போகம்

வேரை அறுத்த தூரை வெயிலில் போட்டுவிட வேண்டாம். அன்றே சிம்பு பிரித்து, ஈரச் சாக்கு மூடி நிழலில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதே வயலில் உடனே நடுவதைவிட, இடையில் ஒரு போகம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு மண்ணைத் தேற்றிவிட்டு நடுவதையே நான் செய்துவருகிறேன். அதுவரை நாற்றுகளை வயலோரத்தில் ஒரு நெருக்கமான பாத்தியில் ஊன்றி வைத்தால், ஒரு தூர் இருபது முப்பது சிம்பாகப் பெருகி, மறு நடவுக்கு வெளியே நாற்று வாங்கும் செலவு இல்லாமல் செய்துவிடும். நடும் முன் பேச வேண்டியவரிடம், அதாவது வேரை எடுக்கும் மாலைக்காரரிடமோ நாட்டுமருந்துக் கடைக்காரரிடமோ வாலைக்காரரிடமோ, அந்தப் பாத்தி பசுமையாக இருக்கும்போதே போய்ப் பேசி, எந்த மாதத்தில் எவ்வளவு வேர், என்ன நீளத்தில் வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.